சொட்டு விழும் இடமும் கசியும் இடமும்

தானியங்கி கியர்பாக்ஸ் கொண்ட காரின் அடியில் சிவப்பாக ஒரு கறை தெரியும்போது, அதன் உரிமையாளர்களில் பலர் அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மற்றவர்களோ கியர்பாக்ஸே போய்விட்டது என்று அஞ்சி, அதை முழுவதுமாகக் கழற்றி இறக்க வேண்டும் என்று சொல்லும் முதல் பணிமனையிடமே வண்டியை ஒப்படைத்துவிடுகிறார்கள். இவ்விரண்டுமே தேவையற்ற இழப்பில் முடிவதற்கு வாய்ப்பு உண்டு. ஏனெனில் இத்தகைய கசிவு, வாஷர், ரப்பர் வளையம், கேஸ்கெட் போன்ற விலை குறைந்த உறுப்பு ஒன்றின் தேய்மானத்தாலும் வரலாம், கியர்பாக்ஸை இறக்கியே தீரவேண்டிய உட்புறச் சீல் ஒன்றின் பழுதாலும் வரலாம். தரையில் விழும் சொட்டு இவற்றுள் எது என்பதைச் சொல்வதில்லை. எனவே பழுதுபார்ப்பதைக் காட்டிலும் பழுது எங்கே என்று கண்டறிவதே இவ்வேலையின் பெரும்பகுதியாக அமைகிறது. அந்தப் பகுதியை வீட்டிலேயே, பொறுமையுள்ள எவரும், பெரிய கருவிகள் இன்றிச் செய்துகொள்ள முடியும்.

கச்சிபௌலி போன்ற ஓர் இடத்தில் இதற்குக் கூடுதல் வசதி ஒன்று இருக்கிறது. ஐதராபாத்தின் மேற்குப் புறத்தில், மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் நிதி மாவட்டத்துக்கும் இடையே எழுந்துள்ள அடுக்ககங்களில், வண்டிகள் பெரும்பாலும் நிலத்தடித் தளமாகிய செல்லாரில், வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே இடத்தில் இரவுதோறும் நிற்கின்றன. தெருவோரத்தில் நிற்கும் வண்டியின் கசிவை மண்ணும் மழையும் மறைத்துவிடும். வழவழப்பான கான்கிரீட் தளத்தில் நிற்கும் வண்டியின் கசிவோ ஒவ்வொரு காலையும் அதே இடத்தில் பதிவாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. மறுபுறம், பயோடைவர்சிட்டி சந்திப்பிலும் ராய்துர்க் சாலையிலும் காலை மாலை நேரங்களில் நின்று நின்று ஊர்ந்து செல்லும் போக்குவரத்து, கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயில் ஆகியவை கியர்பாக்ஸினுள் இருக்கும் திரவத்தின் வெப்பத்தை உயர்த்துகின்றன. வெப்பம் உயர உயர ரப்பர்ச் சீல்கள் இறுகித் தம் நெகிழ்வை இழக்கின்றன. நெகிழ்வை இழந்த சீல் சுழலும் தண்டைப் பற்றிக்கொள்ள முடியாமல் கசியத் தொடங்குகிறது.

இந்தத் திரவம் என்ன செய்கிறது என்பது விளங்கினால்தான் அது குறைவதன் விளைவும் விளங்கும். எஞ்சினில் பிறக்கும் சுழற்சியைக் கிளட்ச் இன்றிச் சக்கரங்களுக்குக் கடத்தும் உறுப்புக்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். எதிரெதிரே வைக்கப்பட்ட இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுழன்றால் அதன் காற்றில் மற்றதும் சுழல்வதைப் போல, இதில் ஒரு சுழலியின் ஓட்டம் எண்ணெயின் வழியாக மற்றொரு சுழலியை இயக்குகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காக 1905-ல் காப்புரிமை பெற்ற கோட்பாடு இது. காரைப் பொறுத்தவரை, பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கிக் கியர்பாக்ஸான ஹைட்ராமேட்டிக், ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனத்தின் 1940-ஆம் ஆண்டு மாடல்களில் வந்தது. அன்று முதல் இன்றுவரை இப்பெட்டிகளில் ஊற்றப்படும் திரவம், பற்சக்கரங்களுக்கு உயவு தருவதோடு நிற்காமல், சக்தியைக் கடத்தி, அழுத்தத்தால் உட்புறக் கிளட்ச்சுகளை இறுக்கி, உருவாகும் வெப்பத்தையும் குளிர்விப்பானுக்கு எடுத்துச் செல்கிறது. ஏடிஎஃப் என்று மெக்கானிக்குகள் சுருக்கி அழைப்பது இதைத்தான். எஞ்சின் ஆயிலிலிருந்து எளிதில் வேறுபடுத்தி அறியவே இதற்குச் சிவப்புச் சாயம் சேர்க்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒரு காலத்தில் இதன் உராய்வுத் தன்மையைச் சீராக்க ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் கலக்கப்பட்டது என்பதும், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த எண்ணெயைத் தடைசெய்த பின்னரே செயற்கை மாற்றுகள் அதன் இடத்தைப் பிடித்தன என்பதும் இத்துறையின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை.

எல்லாத் தானியங்கி வண்டிகளும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பட்டை ஒன்று இரு கப்பிகளின் மீது ஓடும் சிவிடி வகைக்குத் தனித் திரவம் உண்டு. அது சிவப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை, பச்சையாகவோ தேன் நிறமாகவோ இருக்கலாம். 2014-ல் மாருதி செலேரியோவின் வழியாக இந்தியச் சந்தையில் பரவத் தொடங்கிய ஏஎம்டி வகை, உண்மையில் சாதாரணக் கியர்பாக்ஸேதான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் ஓட்டுநருக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது, அவ்வளவே. ஆகவே அதனுள் இருப்பது கந்தக வாடை வீசும் கெட்டியான கியர் ஆயில். சில மாடல்களில் அக்கருவிக்கென்று சிறு பம்பும் தனி எண்ணெய்த் தொட்டியும் கூட இருப்பதால், கசிவு அங்கிருந்தும் வரலாம். எந்த வகை என்று கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யாமல் கடையில் கிடைத்த சிவப்புத் திரவத்தை ஊற்றுவது, கசிவைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கும்.

தரையில் கிடப்பது கியர்பாக்ஸ் திரவம்தானா என்பது அடுத்த கேள்வி. கோடையில் ஏசியிலிருந்து சொட்டும் நீர் நிறமற்றது, விரலில் தேய்த்தால் வழுக்காது. ரேடியேட்டரின் கூலன்ட் சில வண்டிகளில் இளஞ்சிவப்பாக இருப்பதால் ஏமாற்றக்கூடும்; ஆனால் அதில் இனிப்பான ஒரு வாடை வரும், ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரைந்துவிடும், ஏடிஎஃபோ மேலே மிதக்கும். கருத்த பழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில் என்று முடிவுகட்டுவதும் சரியன்று, ஏனெனில் பழைய ஏடிஎஃபும் பழுப்பாகிவிடும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்து, டிப்ஸ்டிக் எனப்படும் அளவுகோலில் ஒட்டியிருக்கும் எஞ்சின் ஆயிலையும் பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து ஒப்பிடுவதே நம்பகமான முறை. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள பழைய வண்டிகள் பலவற்றில் ஸ்டீயரிங்குக்கும் ஏடிஎஃபே ஊற்றப்படுவதால், சிவப்புக் கறை அங்கிருந்தும் வந்திருக்கலாம். அத்தொட்டியின் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் இந்த ஐயம் தீர்ந்துவிடும்.

இனி, கசிவின் ஊற்றைத் தேடுவது. திரவம் கசியும் புள்ளியிலிருந்து நேராகக் கீழே விழுவது அரிது. அது உலோகப் பரப்பின் மீது வழிந்து, தாழ்ந்த விளிம்பு ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து சொட்டுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னோக்கித் தள்ளிப் பரப்பியும் விடுகிறது. ஆயில் பான் எனப்படும் அடித்தட்டு ஈரமாக இருப்பதைக் கண்டு அதன் கேஸ்கெட்டை மாற்றிய பின்னும் கசிவு தொடர்வது, பெரும்பாலும் இந்த வழிந்தோட்டத்தைக் கணக்கில் கொள்ளாததால்தான். ஈரத்தின் மிக உயரமான, மிக முன்புறமான எல்லை எதுவோ அதுவே ஊற்றுக்கு அருகிலுள்ள இடம் என்பது இத்தேடலின் அடிப்படை விதி.

அந்த எல்லை தெரிய வேண்டுமானால் பழைய அழுக்கு போக வேண்டும். தூசியும் எண்ணெயும் கலந்து அப்பிய படலத்தின் மீது புதிய கசிவைக் காண இயலாது. எனவே ஆறிய கியர்பாக்ஸின் வெளிப்புறத்தை பிரேக் கிளீனராலோ டீகிரீசராலோ, மின்இணைப்புகள் நனையாமல் கவனமாகத் துடைத்து உலரவிட்டு, நிறுத்தும் இடத்தில் ஒரு பெரிய அட்டையை விரித்து, அதில் முன்சக்கரங்களின் நிலையையும் வண்டியின் முன்பக்கத்தையும் பேனாவால் குறித்துவிட வேண்டும். பிறகு வெளிவட்டச் சாலையில் சற்று நேரம் ஓட்டித் திரவம் நன்றாகச் சூடான பின் வண்டியை அதே குறிகளுக்குள் நிறுத்தினால், சொட்டு விழும் இடம் அட்டையில் பதிவாகும். கைவிளக்கைக் கொண்டு கீழே பார்த்தால், துடைத்த பரப்பில் புதிதாகத் தோன்றும் ஈரக்கோடு ஊற்றை நோக்கி மேலே இட்டுச் செல்லும். சூடாக இருக்கும்போது மட்டும் கசியும் சீல்களும் உண்டு, இரவு முழுவதும் ஆறி நின்ற பிறகே சொட்டுபவையும் உண்டு. ஆகையால் இரு நிலைகளிலும் பார்ப்பது நல்லது. இதிலும் தெளிவு கிடைக்காவிட்டால், எண்ணெயில் கரையும் ஒளிரும் சாயத்தைக் கியர்பாக்ஸில் சிறிது விட்டு, சில நாள் ஓட்டிய பின் புற ஊதா விளக்கால் பார்க்கலாம். கசிந்த இடம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். செல்லாரின் மங்கிய வெளிச்சம் இதற்கு மிகவும் ஏற்றது.

முன்சக்கர இயக்கம் கொண்ட கார்களில் கசிவுக்குரிய இடங்கள் சிலவே. அவற்றுள் எளிமையானது டிரைன் பிளக், அதாவது எண்ணெயை வடிக்கும் திருகு. அதன் அடியிலுள்ள அலுமினிய அல்லது செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கியே அடைப்பைத் தருவதால், ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்ற வேண்டியது. பழையதையே திரும்பப் போட்டு, கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் அலுமினிய உறையின் மரை பிய்ந்துவிடும். அடுத்தது ஆயில் பான் கேஸ்கெட். மூன்றாவது, கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்கோ தனிக் குளிர்விப்பானுக்கோ போய்வரும் கூலர் லைன். இதன் ரப்பர்ப் பகுதி வெப்பத்தால் வெடித்து, கிளாம்ப் தளர்ந்து கசிவது மிகச் சாதாரணம் என்றாலும், இது அலட்சியம் செய்யக் கூடாத இடம். ஏனெனில் உள்ளே பம்பின் அழுத்தம் இருப்பதால், இங்கே ஹோஸ் அறுந்தால் சில நிமிடங்களில் திரவம் பெரும்பகுதி கொட்டிவிடும், அதன் பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் உட்புறக் கிளட்ச்சுகளை எரிக்கும்.

நான்காவது, சக்கரங்களுக்குச் செல்லும் டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸை விட்டு வெளிவரும் இடத்திலுள்ள ஆக்ஸில் சீல். எஃகு வளையம், அதன்மேல் வார்த்த ரப்பர் உதடு, அவ்வுதட்டைத் தண்டின் மீது அழுத்திப் பிடிக்கும் மெல்லிய சுருள்வில் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்தச் சீல். இதன் முகப்பில் 35, 55, 8 என்பது போல மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருந்தால், அவை முறையே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகியவற்றை மில்லிமீட்டரில் குறிப்பவை. செகந்திராபாத்தின் ராணிகஞ்சிலுள்ள உதிரிபாகக் கடைகளிலோ சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ கேட்கும்போது இவ்வெண்கள் உதவும்; ஆயினும் அளவு ஒத்திருந்தால் மட்டும் போதாது, ரப்பரின் வகையும் ஒத்திருக்க வேண்டும். நைட்ரைல் ரப்பர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரையே நீண்ட காலம் தாங்கும். ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று வெப்பம் தாங்காத சீலை மாட்டினால், அதே வேலையை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

கடைசி இடம், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் மணிவடிவ உறை, அதாவது பெல் ஹவுசிங். இதன் அடித்துளையிலிருந்து சொட்டுவது சிவப்பாக இருந்தால் கியர்பாக்ஸின் முன்பம்ப் சீலும், எஞ்சின் ஆயிலாக இருந்தால் கிராங்க் தண்டின் பின்சீலும் ஐயத்துக்குரியவை. எதுவாயினும் கியர்பாக்ஸை இறக்கியே மாற்ற வேண்டும். இதை வீட்டில் செய்ய முற்படுவது பொருத்தமன்று. ஆனால் ஊற்று இதுதான் என்று தெரிந்து பணிமனைக்குப் போகிறவரிடம் தேவையற்ற பாகங்களை மாற்றச் சொல்வது எளிதாக இராது என்பதால், தேடிய உழைப்பு இங்கேயும் வீணாகாது.

கசிவே இல்லாமல் கசிவைப் போலத் தோன்றும் நிலை ஒன்றும் உண்டு. கியர்பாக்ஸின் உச்சியில் பிரீதர் எனப்படும் மூச்சுக்குழாய் இருக்கிறது. சூடாகும்போது விரியும் காற்று இதன் வழியே வெளியேறுகிறது. திரவத்தை அளவுக்கு மிஞ்சி நிரப்பினால் அது நுரைத்து இவ்வழியே பொங்கி வழியும். இதே குழாய் வழியாக வெளிநீர் உள்ளே செல்லவும் முடியும். 2020 அக்டோபர் 13-ஆம் நாள் ஐதராபாத்தில் கொட்டிய பெருமழையில் நகரின் பல செல்லார்கள் நீரில் மூழ்கியது பலருக்கும் நினைவிருக்கும். அவ்வாறு மூழ்கிய வண்டியின் கியர்பாக்ஸ் திரவம் இளஞ்சிவப்புப் பாலைப் போலக் கலங்கியிருந்தால், உள்ளே நீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். வெள்ளத்தைக் காணாத வண்டியில் இதே கலங்கல் தெரிந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் ஓட்டையாகி, கூலன்ட் உள்ளே புகுந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் விழாத இந்த உட்கசிவுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அந்நிலையில் எஞ்சினையே இயக்காமல் வண்டியை இழுத்துச் செல்வது நல்லது.

வீட்டில் செய்யத்தக்கவை டிரைன் பிளக் வாஷரும், பான் கேஸ்கெட்டும், எட்டும் இடத்திலுள்ள கூலர் ஹோஸும்தான். சஸ்பென்ஷன் வேலை பழகியவர் மட்டும் ஆக்ஸில் சீலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உயிரைப் பற்றிய ஒரு செய்தி உண்டு: வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே ஆனது, அதை மட்டும் நம்பிக் காரின் கீழே யாரும் உடலை நுழைக்கக் கூடாது. சமதளத்தில், பின்சக்கரங்களுக்கு அடைகொடுத்து, எடைதாங்கும் ஜாக் ஸ்டாண்டுகளின் மீது வண்டியை இறக்கி, கையால் ஆட்டிப் பார்த்த பின்னரே கீழே செல்ல வேண்டும். செல்லாரின் தளம் நீர் வடிவதற்காகச் சற்றுச் சரிவாக இருக்கலாம் என்பதால், இடத்தை முதலில் சோதிப்பதும், அடுக்ககச் சங்கத்திடம் சொல்லிவிட்டுத் தொடங்குவதும் முறை.

பானைக் கழற்றும்போது ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை முழுவதும் எடுக்காமல் தளர்த்தி வைத்து, மறுபக்கத்தை மெல்ல இறக்கினால் திரவம் அகன்ற தட்டில் அடங்கி விழும். பானின் அடியிலுள்ள காந்தத்தில் சாம்பல்நிறக் குழைவு ஒட்டியிருப்பது இயல்பு. கையில் உறுத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால் உள்ளே தேய்மானம் முற்றிவிட்டது, கேஸ்கெட்டை மாற்றுவது அதற்குத் தீர்வாகாது. இரு பரப்புகளையும் கீறல் விழாமல் சுரண்டி, எண்ணெய்ப் பசை முற்றிலும் போகத் துடைத்த பிறகே புதிய கேஸ்கெட்டை வைக்க வேண்டும். கேஸ்கெட்டுக்குப் பதிலாகப் பசை இடும்படி உற்பத்தியாளர் சொல்லியிருக்கும் மாடல்களில், தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் அனபாண்ட் என்று பொதுவாகக் குறிப்பிடும் சிலிகான் வகைப் பசையை மெல்லிய, அறுபடாத ஒரே கோடாக இடுவது போதும். தாராளமாக இட்டால் பிதுங்கி உள்ளே விழும் துண்டுகள் வடிகட்டியை அடைக்கும். பான் போல்ட்டுகளுக்குரிய இறுக்கம் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய சிறிய அளவே. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது என்று தோன்றுவது இயல்பு, ஆனால் அந்தக் கொஞ்சமே மெல்லிய தகட்டின் விளிம்பை வளைத்துப் புதிய கசிவைத் தொடங்கிவைக்கிறது. டார்க் ரெஞ்ச் எனப்படும் இறுக்கத்தின் அளவைக் காட்டும் திருகுசாவியை வாங்கவோ இரவல் பெறவோ தயங்கக் கூடாது.

திரவத்தைத் திரும்ப நிரப்புவதில்தான் வீட்டு வேலைகள் பல தடம் மாறுகின்றன. வடித்ததை அளந்து அதே அளவு ஊற்றுவது தொடக்கம் மட்டுமே, ஏனெனில் கசிவால் முன்பே குறைந்திருந்த அளவு அதில் அடங்காது. அளவுகோல் உள்ள வண்டிகள் பெரும்பாலானவற்றில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி கியர் நெம்புகோலை எல்லா நிலைகளிலும் ஒருமுறை நிறுத்திவிட்டு, பார்க் நிலையில் வைத்து அளவிட வேண்டும். ஹோண்டாவின் பழைய மாடல்களிலோ சூடான எஞ்சினை நிறுத்திய உடனே அளவிட வேண்டும். அளவுகோலே இல்லாத புதிய பெட்டிகளில், குறிப்பிட்ட வெப்பநிலையில், பெரும்பாலும் 40 டிகிரியை ஒட்டிய நிலையில், அளவுத் திருகைக் கழற்றினால் மிகையான திரவம் மெல்லிய இழையாக வழிந்து நிற்க வேண்டும். அந்த வெப்பநிலையை, வண்டியின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் ஓபிடி கருவி வழியாகப் படிக்க வேண்டியிருப்பதால், அக்கருவி இல்லாதவர் இந்த ஒரு படியைப் பணிமனையில் செய்துகொள்வதே முறை. வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லாத திரவம் என்னும் விளம்பரச் சொல்லை நம்பிப் பழைய திரவத்தையே வடிகட்டி மீண்டும் ஊற்றுவதும் தவறு. கியர்பாக்ஸ் உற்பத்தியாளரான இசட்எஃப் நிறுவனமே தன் தானியங்கிப் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள், திரவத்தை மாற்றப் பரிந்துரைத்திருக்கிறது.

கசிவை அடைக்கும் என்று விற்கப்படும் சேர்ப்புத் திரவங்கள் ரப்பரை ஊதச் செய்து சிறிது காலம் சொட்டை நிறுத்தக் கூடியவை. இறுகிப்போன சீலுக்கு அவை தற்காலிக ஆறுதல் தரலாம். கிழிந்த கேஸ்கெட்டுக்கோ நசுங்கிய வாஷருக்கோ எதுவும் செய்ய மாட்டா. பொங்கலுக்குக் கச்சிபௌலியிலிருந்து சென்னைக்கு, நார்கட்பள்ளி, அத்தங்கி, நெல்லூர் வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் செல்லவிருக்கும் குடும்பம் ஒன்று, இவற்றை நம்பிப் புறப்படுவதைவிட, ஒரு வாரம் முன்னதாக அட்டையை விரித்துப் பார்த்துவிடுவது எவ்வளவோ மேல். கியர் விழத் தாமதிப்பது, எஞ்சின் வேகம் ஏறியும் வண்டி நகராமல் நழுவுவது, கருகிய வாடை வருவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வண்டியில் அப்பயணம் கூடாது.

வடித்தெடுத்த பழைய திரவம் குறித்து ஒரு வேண்டுகோள். பயன்படுத்திய எண்ணெய், 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருவது. அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே அனுப்ப வேண்டும். செல்லாரின் வடிகாலில் ஊற்றப்படுவது மழைநீரோடு கலந்து, ராய்துர்க்கின் மல்கம் செருவு போன்ற ஏரிகளை நோக்கிச் செல்லக்கூடியது. எண்ணெய்ப் படலம் நீர்ப்பரப்பை மூடினால் ஆக்சிஜன் உள்ளே கரைவது தடைபடும். ஆகவே பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேகரித்து, சிந்தியதை மரத்தூளால் ஒற்றியெடுத்து, பழைய எண்ணெயைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பணிமனை ஒன்றில் வாசகர்கள் ஒப்படைத்துவிட வேண்டும்.